டிக்காஷன் என்று எழுதிய பாட்டில்

ஜனவரி 9, நேப்பியர்

மகள் பிருந்தாவுக்கு மாமனாராக வரப்போகிறவர் வீட்டில் சாராயம் காய்ச்சுகிறார். இந்த வரியை எழுதிவிட்டு ஒருமுறை கதவைப் பார்த்துக்கொண்டேன். வீட்டுக்காரி துளசிமணி சமையலறையில்தான் இருக்கிறாள்.

இன்று மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம். நியூசிலாந்துக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. இரண்டு தெரு தள்ளி இருக்கும் வீட்டைப் பார்க்க இவ்வளவு நாள். பையன் லியாமும் அப்பா மால்கமும் மட்டும்தான். பையனின் அம்மா எப்போதோ பிரிந்து போய்விட்டாராம். துளசிமணியும் பிருந்தாவும் ரோஜாச் செடிகளிடம் நின்றுவிட, மால்கம் என்னைப் பின்பக்கத் தகரக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். ரயில்வேயில் மெக்கானிக்காக இருந்தவர். ஸ்பானர்கள் அளவு வாரியாகச் சுவரில் தொங்குகின்றன. நடுவில் ஒரு செப்புப் பானை. அதன் தலையிலிருந்து ஒரு குழாய் வளைந்து இறங்குகிறது. என்னவென்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது. ரோஜாச் செடிகள் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். இந்த நாட்டில் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சிக்கொள்ளலாம், விற்றால்தான் குற்றம் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

பிறகு கேட்டார்: "நீங்கள் தேயிலைக்காரராமே. தேயிலையை இதில் போட்டால் என்ன ஆகும்?"

முப்பத்தைந்து வருடம் கோத்தகிரியில் டீ மேக்கராக இருந்திருக்கிறேன். ஃபாக்டரிக்கு வருகிற பச்சை இலை தூளாக வெளியே போகும்வரை என் பொறுப்பு. என்ன விலை என்று கேட்டிருக்கிறார்கள், எத்தனை கிலோ என்று கேட்டிருக்கிறார்கள். என்ன ஆகும் என்று ஒருத்தர்கூடக் கேட்டதில்லை.

தெரியாது என்றேன். தெரியாதது எனக்குப் பிடிக்கவில்லை.

ஜனவரி 10

துளசிமணிக்கு வெள்ளைக்கார மாப்பிள்ளை என்பதில்கூட வருத்தமில்லை. அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. "கல்யாணத்துல ஒரு சொட்டு சாராயம் இருந்தாலும் நான் மணவறைப் பக்கம் வரமாட்டேன்." கல்யாணம் பிப்ரவரி 21.

அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் அண்ணன் செல்லமுத்து கள்ளச்சாராயத்தில் போனவர். சத்தியமங்கலம் பக்கம் அவர்கள் ஊர். சாயங்காலம் குடித்துவிட்டுப் படுத்தவர், விடிந்ததும் "லைட்டைப் போடு" என்றாராம். அப்போது வெயில் முகத்தில் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. துளசிமணி பக்கத்தில் இருந்தாள்.

ஆகவே கொட்டகையைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. மறைப்பதற்காக அல்ல. சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஜனவரி 15

மால்கமின் தோட்டத்தில் களை எடுக்க உதவி செய்யப் போனேன். (வீட்டில் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். இரண்டு களை பிடுங்கவும் செய்தேன்.)

அவர் ஒரு கண்ணாடி ஜாடியில் சரக்கை ஊற்றினார். பார்வைக்குப் பச்சைத் தண்ணீர். வாசனை ஒன்றுமில்லை, மூக்கில் சுரீர் என்று ஏறுவது மட்டும்தான். கடையில் வாங்கிய சாதாரண டீ பையை அதில் விட்டேன். விட்ட கை விலகுவதற்குள் செம்மண் தண்ணீர் மாதிரி நிறம் இறங்கிவிட்டது. சூடே இல்லை! தேயிலை என்றால் கொதிக்கிற தண்ணீர் என்றுதான் ஆயுள் முழுக்க நினைத்திருந்தேன். மால்கம் சில நிமிடங்களில் பையை எடுத்துவிடச் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, "கசந்துவிடுமோ என்று பயம்" என்றார்.

நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிட்டேன். டீ டேஸ்டிங்கில் அதுதான் முறை. உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, துப்ப வேண்டும். குடிப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

வரும்போது ஏலக்காய் மென்றுகொண்டே வந்தேன். ஜீரணத்துக்கு நல்லது.

ஜனவரி 16

காலையில் எழுந்ததும் துளசிமணி ஊசியையும் நூலையும் நீட்டினாள். "ஏனுங்க, இதைக் கொஞ்சம் கோத்துக் குடுங்க." ஒரே தடவையில் கோத்துக் கொடுத்தேன். அவளுக்கு அறுபது ஆகப் போகிறது. கண் மங்குகிறது போலிருக்கிறது.

ஜனவரி 21

இன்று ஒரே ஆராய்ச்சி. பச்சைத் தேயிலை போட்டால் புல் வாசம். இந்தியக் கடை டஸ்ட் டீ போட்டால் நிறம் மட்டும் ஜோர், வாசனை பூஜ்யம். இஞ்சி சேர்த்தால் இருமல் மருந்து. ஒவ்வொன்றையும் ருசி பார்த்துத்தானே சொல்ல முடியும்? மால்கம் தரையைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார். அதில் போய்த் துப்பினால் சம்பந்தி வீட்டில் மரியாதையாக இருக்காது. விழுங்க வேண்டியதாகிவிட்டது.

மால்கம் அதிகம் பேசாத ஆள். ஆனால் நான் பேசுவதைக் கேட்கிறார். இலையை எப்படி வாட்டுவது, உருட்டுவது, புளிக்க வைப்பது, எந்த வாசனை வரும்போது அடுப்பில் ஏற்ற வேண்டும் என்று எல்லாம் சொன்னேன். ஒரு கேள்வி முடிந்தால் அடுத்த கேள்வி. கோத்தகிரியை விட்டு வந்தபிறகு இவ்வளவு நேரம் நான் யாரிடமும் பேசவில்லை.

திரும்பி வரும்போது நான் தெருவில் பாடிக்கொண்டே வந்தேனாம். பிருந்தா சொல்கிறாள். துளசிமணி வாசலிலேயே சட்டையைக் கழற்றச் சொல்லி வாங்கிப் போய் வாஷிங் மெஷினில் போட்டாள். கொட்டகையில் கிரீஸ் பட்டிருக்கும் என்று நினைத்திருப்பாள்.

ஜனவரி 22

கடுகு பாக்கெட்டில் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். தேதியையும் வாசிக்கச் சொன்னாள். பிறகு ஜன்னல் வழியாக, எதிர்வீட்டுக் கார் நம்பர் என்ன என்று கேட்டாள். அதுகூடத் தெரியவில்லை என்றால் கண் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். பிருந்தாவிடம் சொல்லி நாள் வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 25

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

மால்கமுக்கு ஓர் ஆசை. கல்யாணத்துக்கு ஒரு பாட்டில் தயாராக வேண்டும். அவர் காய்ச்சிய சரக்கு, என் ஊர்த் தேயிலை. "இரண்டு வீடும் ஒரே பாட்டிலில்" என்றார். சொல்லும்போது அந்த மனிதரின் காது சிவந்துவிட்டது. மண்டபத்தில் மது கூடாது என்று பிருந்தா சொல்லியிருக்கிறாளாம், அதனால் வேறு எங்கேயாவது வைத்துத் திறக்கலாம் என்றார். அந்த நிமிடமே துளசிமணியைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, "என்னிடம் உறைபனித் தேயிலை இருக்கிறது" என்றேன்.

சம்பந்திக்குக் கொடுக்க என்று பெட்டியின் அடியில் கால் கிலோ கொண்டுவந்திருந்தேன். டிசம்பர், ஜனவரியில் பனி கொட்டும் நாட்களில் செடி வளராமல் முடங்கிக் கிடக்கும். அப்போது கிடைக்கும் கொஞ்சம் இலையில் செய்வது. பூ வாசம் வரும். வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்துவந்து முழுவதையும் பெரிய ஜாடியில் கொட்டினேன். மால்கம் சரக்கை ஊற்றிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன். அது டீ பைக்கு. நல்ல இலைக்கு நேரம் கொடுக்க வேண்டும். மூன்று நாள் ஊறட்டும் என்றேன். டீ மேக்கர் சொல்கிறார் என்று அவரும் கேட்டுக்கொண்டார்.

ஜனவரி 28

கசப்பு என்று எழுதினால் போதாது. நாவல்பழக் கொட்டையை மென்ற மாதிரி நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. மால்கம் ஒரு வாய் குடித்துவிட்டுக் கொஞ்சநேரம் சுவரைப் பார்த்தார். "சுவாரசியமாக இருக்கிறது" என்றார். இந்த ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று பிருந்தாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

சர்க்கரை சேர்த்தோம், தண்ணீர் சேர்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. வாசனை அருமை, உள்ளே எங்கேயோ அந்தப் பூ இருக்கிறது. மேலே கசப்பு மூடிக் கிடக்கிறது. கால் கிலோவில் ஒரு சிட்டிகைகூட மிச்சம் வைக்கவில்லை நான். முப்பத்தைந்து வருட அனுபவம்! கொதிநீருக்குக் கற்ற கணக்கைச் சாராயத்தின்மேல் போட்டுவிட்டேன்.

யோசித்துப் பார்க்கிறேன் என்று ஒரு பாட்டில் வீட்டுக்கு எடுத்து வந்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். பாட்டிலின் மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி 'டிக்காஷன்' என்று எழுதினேன். பார்த்தால் வித்தியாசமே தெரியாது. துளசிமணி கேட்டால் ஐஸ் டீக்கு என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஜனவரி 31

கண் டாக்டரிடம் போய்வந்தோம். துளசிமணிக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லையாம், இந்த வயதுக்கு ஆச்சரியம் என்கிறார் அந்தப் பெண் டாக்டர். நான் அசடு வழிந்தேன். அதற்குள் இவள், "இவருக்கும் பாத்துருங்க" என்று பிருந்தாவைச் சொல்லச் சொன்னாள். எனக்கு எதற்கு என்றால் கேட்கவில்லை. கண்ணில் சொட்டு மருந்து விட்டு, விளக்கு அடித்து உள்ளே வெகுநேரம் பார்த்தார்கள். துளசிமணி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அவளுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தானே கேட்டாள், உள்ளே நரம்பு நன்றாக இருக்கிறதா என்று. இருக்கிறது என்றதும் ஒரு பெருமூச்சு விட்டாள். ஃபீஸை நினைத்துத்தான் இருக்கும்.

பிப்ரவரி 3

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் மால்கம் வந்தார், முன்னறிவிப்பு இல்லாமல். எலுமிச்சம்பழம் ஒரு கூடை கொண்டுவந்திருந்தார். சம்பந்தி முதல்முறையாக வீட்டுக்கு வந்திருக்கிறார், வெறும் வாயோடு அனுப்ப முடியுமா? துளசிமணி பால் காய்ச்ச ஓடினாள். நான் அவருக்குப் பின்கட்டில் கொத்தமல்லிப் பாத்தியைக் காட்டிக்கொண்டிருந்தேன். டிக்காஷன் போட நேரமாகும் என்று அவள் ஃப்ரிட்ஜைத் திறந்திருக்கிறாள். என் கையெழுத்திலேயே எழுதி ஒட்டிய பாட்டில் முன்னால் நிற்கிறது. இஞ்சி தட்டிப் போட்ட பாலை இறக்கி வைத்து அதில் ஊற்றியிருக்கிறாள்.

அவள் பாத்திரத்தோடு வெளியே வந்து மேசைமேல் வைத்தாள். பால் கட்டி கட்டியாகத் திரிந்து நின்றது. ஆவியோடு வந்த வாசனை இரண்டடி தள்ளி நின்ற எனக்கே வந்து அடித்தது.

"உங்க டிக்காஷன் திரிஞ்சு போச்சுங்க" என்றாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

மால்கமுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் குனிந்து பார்த்தார், முகர்ந்தார், பிறகு கண்கள் விரிந்தன. ஒரு துணி கிடைக்குமா என்று கேட்டார். துளசிமணி பேசாமல் காப்பி வடிகட்டும் வெள்ளைத் துணியைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் வடிகட்டினார். திரிந்த பாலெல்லாம் துணியில் நின்றுவிட, கீழே தேன் நிறத்தில் தெளிவாக இறங்கியது. சேற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது அப்படி மாறும் என்று கனவிலும் நினைக்கவில்லை. ஒரு வாய் குடித்தவர் மேசையைத் தட்டினார். "கசப்பு போய்விட்டது! பால் அதைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது!" இன்னொரு டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

எனக்குக் கை எழவில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த நேரத்திலும் அது எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்குத் துடிப்பாக இருந்தது.

"குடிங்க" என்றாள் துளசிமணி. "அவருக்கு முன்னாடி எதுக்கு நாடகம்?"

உள்ளே போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். மால்கம் என்னைப் பார்த்தார். "அவருக்குத் தெரியாதா?" என்று கேட்டார். நான் அந்தத் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கூடையைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

பிப்ரவரி 4

பேச்சு இல்லை. சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வந்தது.

பிப்ரவரி 5

பிருந்தா வேலைக்குப் போனபிறகு நானே போய் அவள் எதிரில் உட்கார்ந்தேன். கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எப்போ இருந்து தெரியும்?" என்றேன்.

"மொத நாளே தெரியுங்க. ஏலக்காய் மென்னா மறைஞ்சிருமா? கல்யாணம் ஆகற வரைக்கும் எங்கண்ணன் சட்டையைத் தொவைச்சவ நானு."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"கேட்டா குடிக்கலைன்னு சொல்லுவீங்க. அவனும் அப்படித்தான் சொல்லுவான்." கொஞ்சநேரம் நறுக்கினாள். "ஊசி கோக்கச் சொன்னது எதுக்குன்னு நெனச்சீங்க? எனக்குக் கண்ணு தெரியலைன்னா? உங்களுக்குத் தெரியுதான்னு பாத்தேன். பாக்கெட்டை வாசிக்கச் சொன்னதும் அதுக்குத்தான். நீங்க அங்க போயிட்டு வந்த ஒரு நாளும் நான் தூங்கலைங்க. பக்கத்துல மூச்சு வருதான்னு கேட்டுட்டே படுத்திருப்பேன்."

கண் டாக்டரிடம் அவளை இழுத்துக்கொண்டு போன மேதாவி நான். வெட்கம் என்றால் இப்படி உடம்பெல்லாம் எரியும் என்று இன்றுதான் தெரிந்தது. ஒவ்வொரு நாளும் இந்த நோட்டில் பூசி மெழுகியிருக்கிறேன், துப்பினேன், விழுங்க வேண்டியதாயிற்று என்று. குடித்தேன். பிடித்திருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

செல்லமுத்துவைப் பற்றி அவளே பேசினாள். பிருந்தாவுக்குக் காது குத்தியபோது (எனக்கு அன்று லீவு கிடைக்கவில்லை) தாய்மாமனாக மடியில் வைத்துக்கொண்டு அவர் அழுதாராம், குழந்தை அழுவதற்கு முன்னாலேயே. இத்தனை வருடத்தில் அதை அவள் என்னிடம் சொன்னதில்லை.

"இனிமேல் போகமாட்டேன்" என்றேன்.

"போகாதீங்கன்னு யார் சொன்னா? இங்க வந்து எறங்குனதுலருந்து பித்துப் பிடிச்ச மாதிரி ஜன்னலையே பாத்துட்டிருந்தீங்க. அங்க போயிட்டு வந்தாத்தான் வாயைத் தொறந்து பேசறீங்க." கத்தியைத் தட்டில் வைத்தாள். "எனக்கு அதைப் பாக்கோணும்."

"எதை?"

"அதை எப்படிக் காய்ச்சறாங்கன்னு. ஆள் போனதுதான் தெரியும். என்ன எழவு அது, எப்படி வருதுன்னு நான் ஒரு நாளும் பாத்ததில்லை."

பிப்ரவரி 8

பின்மதியம் மூன்று மணிக்குப் போனோம். மால்கம் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார். துளசிமணிக்கு வீட்டிலிருந்து நல்ல நாற்காலி ஒன்றைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து போட்டிருந்தார். பானை ஓடுவதை நானும் இன்றுதான் பார்க்கிறேன். இதுவரை ஏற்கெனவே காய்ச்சி வைத்ததைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தோம்.

சூடேற நேரம் ஆயிற்று. அவள் விடாமல் கேள்வி கேட்டாள், நான் மொழிபெயர்த்தேன். உள்ளே என்ன ஊற்றியிருக்கிறீர்கள்? புளித்த சர்க்கரைத் தண்ணீர். ஏன் செம்பு? கெட்ட நாற்றத்தை எடுக்கும். குழாயைச் சுற்றி ஏன் பச்சைத் தண்ணீர் ஓடுகிறது? ஆவி குளிர்ந்து மறுபடியும் தண்ணீராக வேண்டுமே, அதற்கு. "நம்ம இட்லிப் பானை மூடியில வேர்க்கற மாதிரியா?" என்றாள். மால்கமிடம் இட்லியை விளக்கவே எனக்குப் பத்து நிமிடம் பிடித்தது. ஆமாம், அதேதான் என்றார்.

முதல் சொட்டு விழுந்தது. மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். கொஞ்சம் சேர்ந்ததும் மால்கம் அந்த ஜாடியை எடுத்துத் தனியாகத் தள்ளி வைத்துவிட்டு வேறு ஜாடியை வைத்தார்.

"அதை எதுக்குத் தள்ளி வெக்கறாரு?"

முதலில் இறங்குவது குடிக்க லாயக்கில்லை, கரி அடுப்பு பற்றவைக்க வைத்துக்கொள்வேன் என்றார். சொன்னேன். துளசிமணி அந்த ஜாடியையே பார்த்தாள். உள்ளே இருப்பது தண்ணீர் மாதிரிதான் இருந்தது, மற்றதற்கும் அதற்கும் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

"எங்கண்ணன் குடிச்சதுல இப்படித் தள்ளி வெக்காம விட்டுட்டாங்களான்னு அவர்கிட்டக் கேளுங்க."

கேட்டேன். செல்லமுத்துவைப் பற்றியும் அப்போதுதான் அவரிடம் சொன்னேன். மால்கம் பானையின் சூட்டைக் குறைத்துவிட்டு அவள் எதிரில் வந்து நின்றார். "எனக்குத் தெரியாது. அப்படிச் சாகிறவர்கள் பெரும்பாலும் இதனால் சாவதில்லை என்றுதான் படித்திருக்கிறேன். யாரோ காசுக்காக வேறு விஷத்தைக் கலந்துவிடுகிறார்கள்."

துளசிமணி தலையசைத்தாள். "போலீஸும் அதைத்தான் சொன்னாங்க. கலந்தவன் யாருன்னு கடைசி வரைக்கும் தெரியலை." எழுந்து நின்றாள். "இதை நான் கீழ ஊத்தட்டுங்களா?"

நான் மொழிபெயர்க்க வாயைத் திறப்பதற்குள் மால்கம் ஜாடியை எடுத்து இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்துவிட்டார்.

புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, செடிகளைத் தாண்டி, வேலியோரம் சரளைக்கல் கொட்டிய இடத்துக்குப் போனாள். சாய்த்து ஊற்றினாள். தீர்ந்த பிறகும் ஜாடியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டே நின்றாள். நாங்கள் கொட்டகை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம், இரண்டு பேருக்கும் கிட்டே போகத் தைரியமில்லை. பிறகு தோட்டத்துக் குழாயில் அந்த ஜாடியைக் கழுவினாள், மறுபடியும் கழுவினாள். கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். முகம் நனைந்திருந்தது.

"இனி வர்றதைப் பிடிக்கச் சொல்லுங்க" என்றாள்.

திரும்பும்போது கல்யாணத்தைப் பற்றி அவளே எடுத்தாள். "மண்டபத்துல வேண்டாம். சாயங்காலம் அவங்க வீட்ல வெச்சுக்கட்டும். நானும் வந்து உக்கார்றேன். உங்களுக்கு ஒரே டம்ளர். நான் பாக்கத்தான் குடிக்கோணும்." சரி என்றேன். பாலில் தெளிய வைத்த அந்தத் தேயிலைச் சரக்கு எப்படி இருந்தது என்று கேட்டாள். இன்னும் குடித்துப் பார்க்கவில்லை என்றேன். இந்த முறை அது நிஜம். அவள் என் முகத்தைப் பார்த்தாள், நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அடுப்பில் பால் வைத்துவிட்டுத் திரும்பினால், சோபாவில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிவிட்டாள். மணி ஆறுதான் ஆகிறது. இந்த ஊரில் இப்போது கோடை, வெளியே இன்னும் நல்ல வெயில். அடுப்பை அணைத்துவிட்டு, திரையை இழுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். மூச்சு சீராக வருகிறது. பேனா கீறுகிற சத்தத்தில் சரியாகக் காதில் விழவில்லை. எழுதுவதை நிறுத்திக்கொள்கிறேன்.